பதினாறு கிராம் எடையுள்ள ஆகாய விமானம்

ஆகாய விமானத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் 1903 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 17 ஆந் திகதியிலிருந்து தொடங்குவது வழக்கம். அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையிலே, கிற்றி ஹோக் என்னும் சிற்றூரை அடுத்த மணல்வெளியில், ரைட் சகோதரர் தாம் ஏறிச் சென்ற பொறியைப் பறக்கவைத்த நாள் அது. அந்நாளின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆயினும் அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்னரே ஆகாய விமானமொன்று, செலுத்துவார் ஒருவருமின்றி, நிலை குலையாமல் பறந்து, அமைதியாகத் தரையில் இறங்கியது. அதன் எடை 16 கிராம். அதில் ஏறிச் செல்ல ஒரு வண்டுக்குத்தான் இடமிருந்திருக்கும். அந்தச் சிறு விமானத்தைப் பற்றியும், அதைச் செய்தவரைப் பற்றியும், அதன் வழியில் வந்த பல்சா மரத்து விமானங்களைப் பற்றியும் நேயர்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

1870 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே பாரிஸ் மாநகரம் பிரஷ்யப் படைகளால் முற்றுகையிடப்பட்டிருந்தது. புகையிரதப் பாதைகள் அடைபட்டன. தந்திக் கம்பிகள் அறுபட்டன. வெளியுலகோடு தொடர்பு கொள்ளுதற்கு நகரத்தார் கண்ட வழி பலூன்களே. முற்றுகைக் காலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட பலூன்கள் கடிதப் பைகளைச் சுமந்துகொண்டு எதிரியின் தலைக்கு மேலாகச் சென்றன. காம்பெத்தா என்னும் அமைச்சரும் அவ்வாறே 1870 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நகரை விட்டு வெளியேறினார். ஆனால், பலூன் காற்று போகும் திசையிலே போகுமேயன்றித் தான் வேண்டும் திசையிலே போகாது. ஒன்று நோர்வே நாட்டு மலைகளிற் போய் விழுந்தது. போன பலூன்களுள் ஒன்றேனும் ஆகாய மார்க்கமாகப் பாரிசுக்குத் திரும்பி வரவில்லை. பதிற் கடிதங்களைப் புறாக்களே கொண்டுவந்தன. காற்றில் மிதப்பது வேறு, காற்றை எதிர்த்துத் தன் வழியே செல்வது வேறு என்பதைப் பாரிஸ் மக்கள் அந்தப் பனிக்காலத்தில் தம் கண்ணாலேயே கண்டறிந்தனர்.

முற்றுகை 1871 ஜனவரியில் முடிந்தது. அதனைத் தொடர்ந்து நகரத்தவருக்குள்ளேயே போர் மூண்டது. மே மாதத்தில் துயிலெரி அரண்மனை தீயிடப்பட்டது. எரிந்து கருகிய அதன் சுவர்கள் பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இடிக்கப்படாமலே நின்றன. அந்தச் சுவர்களை அடுத்திருந்த தோட்டத்திலேதான், அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் 18 ஆந் திகதி, ஆகாயப் பயண சங்கத்தைச் சேர்ந்த அறிஞர் சிலர் கூடி நின்றனர். அவர்கள் முன்னிலையிலே அல்போன்ஸ் பெனோ என்னும் இளைஞர் தம் கையிலிருந்த சிறு பொறியைக் காற்றில் விட்டார்.

பெனோவுக்கு அப்போது வயது 21. தந்தையார் பிரெஞ்சுக் கடற்படையிலே அட்மிரல். மகனும் கடற்படைக்கே போயிருக்கவேண்டியவர். ஆனால் இடுப்பெலும்பைப் பற்றிய நோயினால் அவர் ஊன்றுகோலின் துணையின்றி நடக்க இயலாதவராயினார். கடல் மறுக்கப்பட்ட அந்த இளைஞர் தமது கருத்து முழுவதையும் வானத்தின்மேற் செலுத்தினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1870 இல், முறுக்கிய இறப்பரினால் சுழலும் விசிறிகள் இரண்டைக் கொண்டு நேரே மேலெழும் விளையாட்டுப் பொறியொன்றை அவர் செய்திருந்தார். அந்தச் சிறு பொறிக்கு இக்கதையிலே பின்னரும் ஒரு பங்கு உண்டு.

1871 இல் அவர் கொண்டுவந்த பொறிக்குப் பிளானோபோர் என்று பெயரிட்டிருந்தார். நீளம் 50 சென்ரிமீற்றர். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 45 சென்ரிமீற்றர். உடல் என்று சொல்லத்தக்கது ஒரு மெல்லிய கோல் மாத்திரமே. அதன் முற்பகுதியில் இறக்கை, பிற்பகுதியில் சிறியதொரு வால், வாலுக்கும் பின்னாலே காற்றைத் தள்ளும் விசிறி. கோலின் அடியிலே நீளவாக்கில் இறப்பர்ப் பட்டி கட்டப்பட்டிருந்தது. மொத்த எடையாகிய 16 கிராமில் இறப்பரின் எடை மாத்திரம் 5 கிராம். விசிறியைப் பின்புறமாகச் சுழற்றி இறப்பரை முறுக்கிக் கையை விட்டதும், பொறி ஒரு கணம் தாழ்ந்தது. வேகம் பிடித்ததும் மெல்ல எழுந்து, ஏழெட்டு அடி உயரத்திலே சீராகச் சென்றது. 11 செக்கன்களில் 40 மீற்றர் தூரம். விரைந்து நடக்கும் ஒருவர் அதன் பக்கத்திலேயே ஓடாக்குறையாகச் சென்றிருக்கலாம். நெருப்புத் தின்ற அரண்மனையின் நிழலில், நடை தளர்ந்த ஓர் இளைஞரின் கையிலிருந்து புறப்பட்ட இப்பொறியே, தானாகச் சமநிலை பேணிப் பறந்த முதல் விமான மாதிரி என்று வரலாற்றாசிரியர் கொள்வர்.

இவருக்கு முன்னர் எவரும் முயலவில்லை என்று நேயர்கள் எண்ணலாகாது. இங்கிலாந்திலே சேர் ஜோர்ஜ் கேலி என்பவர் 1799 ஆம் ஆண்டிலேயே, அசையாத இறக்கையும் வாலும் உடைய பொறியொன்றின் உருவை வெள்ளித் தகட்டிற் பொறித்து வைத்தார். 1804 இல் அவர் செய்து எறிந்து பார்த்த மாதிரியின் இறக்கை வேறொன்றுமன்று. நம் சிறுவர் விடும் பட்டத்தையொத்த பட்டமொன்றைக் கோலின்மேற் கட்டியதேயாம். வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கலன்று பட்டம் ஏற்றுவோர், நூலை அறுத்துவிட்டு வாலொன்றை மாத்திரம் திருத்தியமைத்தால் அதுவே விமானமாகும் என்பதை அறிந்தால் வியப்படைவர். கேலியின் மாதிரிக்கு வலு இல்லை. மலைச்சரிவிலிருந்து வழுக்கி இறங்கும், அவ்வளவே. ஜோன் ஸ்ட்ரிங்பெலோ என்னும் மற்றோர் ஆங்கிலேயர் 1848 இல் பத்தடி இறக்கையுள்ள மாதிரிக்கு நீராவிப் பொறியே பொருத்தினார். சாட் என்னும் ஊரின் நெசவாலை ஒன்றினுள் கம்பியிலே ஓடவிட்டு அதை ஏவினார். அது மெய்யாகப் பறந்ததோ, கம்பியை விட்டதும் வழுக்கிச் சென்றதோ என்று இன்றும் வாதம் தீர்ந்தபாடில்லை.

அவர்களால் இயலாதது பெனோவுக்கு எவ்வாறு இயன்றது? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, இறப்பர். கடிகார வில்லை முறுக்கினாலும் வலு சேரும். ஆயினும் எடைக்கு எடை பார்த்தால் இறப்பர் அதனினும் பன்மடங்கு வலுவைத் தன்னுட் சேமிக்கும். இறப்பரை இழுத்துக் கட்டுவதா, முறுக்கிக் கட்டுவதா என்பதையும் பெனோ எண்ணிப் பார்த்தார். இழுத்துக் கட்டினால் அந்த இழுவையைத் தாங்கத் தடித்த கோல் வேண்டும், பற்சில்லுகளும் வேண்டும், அத்தனையும் பாரம். முறுக்கினாலோ ஒரு மெல்லிய கோலே போதும், விசிறியை நேரே இறப்பரிற் கொளுவிவிடலாம். இலேசான விமானம் என்பது இலேசான பொருளைத் தேடுவதனால் மாத்திரம் வருவதன்று, வேண்டாத பொருளை வைக்காமையாலும் வருவது என்பதை இந்த ஒரு முடிவிலேயே காண்கிறோம். இறப்பர் என்றதும் நம் நாட்டுத் தோட்டங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால் பெனோ முறுக்கிய இறப்பர் நம்முடையதன்று. கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இறப்பர்க் கன்றுகள் கப்பலேறி வந்து கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டது 1876 ஆம் ஆண்டில். பிளானோபோர் பறந்து ஐந்து ஆண்டுகளின் பின்னர்.

மற்றைய காரணம் அதைவிட நுட்பமானது. மாதிரி விமானத்திலே செலுத்துவோன் இல்லை. காற்று ஒரு பக்கம் தள்ளினால் திருத்த ஒரு கை இல்லை. ஆகவே திருத்தும் தன்மை அதன் உருவத்திலேயே அமைந்திருக்க வேண்டும். பெனோ, வாலை இறக்கையின் சாய்விலும் ஏறக்குறைய எட்டுப் பாகை குறைவாக, முன்விளிம்பு தாழுமாறு பொருத்தினார். மூக்கு உயர்ந்தால் வாலின் கீழ்ப்புறத்தைக் காற்றுத் தாக்கி வாலை உயர்த்தும். மூக்குத் தானே தாழும். மூக்குத் தாழ்ந்து வேகம் கூடினால் அதே வாலின் மேற்புறத்தைக் காற்று அழுத்தும். மூக்குத் தானே நிமிரும். இறக்கையின் இரு நுனிகளையும் அவர் சற்றே மேல்நோக்கி வளைத்துவிட்டார். ஒரு பக்கம் சரிந்தால், பொறி அந்தப் பக்கமாக வழுக்கும். வழுக்கும்போது தாழ்ந்த இறக்கை கூடுதலான காற்றை ஏற்று மேலே எழும். இவ்வளவுதான் இரகசியம். இன்று நாம் கட்டுநாயக்காவிலே காணும் பெரிய விமானங்களின் வாலும், மேல்நோக்கிச் சாய்ந்த இறக்கைகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இவ்விடத்திலே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவதற்கு நேயர்கள் இடமளிக்க வேண்டும். நான் ஆசிரியனாகச் சேர்ந்த தொடக்கத்திலே, சரித்திர பாடம் நடந்துகொண்டிருக்கும் வேளையில், பின்வாங்கிலிருந்து ஒரு கடதாசி விமானம் புறப்பட்டு என் மேசையைத் தாண்டிச் சென்று கரும்பலகையின் அடியில் இறங்கியது. செய்தவனை எழுப்பி நிறுத்தி, வகுப்பு முடியும்வரை நிற்கவைத்தேன். விமானத்தை எடுத்து மேசை இலாச்சிக்குள் வைத்தேன். பல ஆண்டுகளின் பின்னர் பெனோவைப் பற்றிப் படித்தபோதுதான் அந்தக் கடதாசி விமானத்தின் உருவம் என் நினைவில் மீண்டது. அதன் இறக்கை நுனிகள் மேலே வளைக்கப்பட்டிருந்தன. மூக்கிலே கடதாசிக் கவ்வி ஒன்று செருகப்பட்டிருந்தது. பின் விளிம்பு மயிரிழையளவு மேலே மடிக்கப்பட்டிருந்தது. அத்தனையும் யாரும் கற்பிக்காமல், எறிந்து எறிந்து பார்த்து அவன் கண்டவை. ஏன் வளைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவனும் அதன்பின் என் பாடத்தில் ஒன்றும் செய்ததில்லை, கேள்வி கேட்பது உட்பட.

பெனோவின் கதைக்குத் திரும்புவோம். 1876 இல் அவர் போல் கோஷோ என்பவரோடு சேர்ந்து, மனிதரை ஏற்றும் பெரிய விமானமொன்றிற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வரைபடத்தை இன்று பார்ப்போர் திகைப்பர். முன்னே சுழலும் இரண்டு விசிறிகள். உள்ளே மடங்கும் சில்லுகள். கண்ணாடி மூடிய இருக்கை. வால் முழுவதையும் ஆளும் ஒரே கைப்பிடி. இவையெல்லாம் நடைமுறைக்கு வர அரை நூற்றாண்டும் அதற்கு மேலும் சென்றன. ஆனால் அதைக் கட்டப் பணம் தருவார் இல்லை. போதிய வலுவுள்ள இலேசான இயந்திரமும் அன்று உலகத்தில் இல்லை. எள்ளி நகையாடியோரும் உளர். நோயும் முற்றியது. 1852 இலே நீராவியால் இயங்கும் ஆகாயக் கப்பலைச் செலுத்திப் புகழடைந்த ஹென்றி ஜிபார் என்னும் செல்வரின் உதவியை நாடினார், கிடைக்கவில்லை. அப்போது பெனோ தம் வரைபடங்களையெல்லாம் ஒரு சிறிய சவப்பெட்டிக்குள் வைத்து ஜிபாரிடம் சேர்ப்பித்தார் என்று எழுதுவர். 1880 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 30.

அவர் அறியாத ஒன்று அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே நடந்துவிட்டது. 1878 இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே, மில்ற்றன் ரைட் என்னும் ஆயர் வெளியூர்ப் பயணம் முடிந்து வீடு திரும்பினார். கைகளுக்குள் எதையோ மறைத்து வைத்திருந்து, பிள்ளைகள் நெருங்கியதும் மேலே விட்டார். தக்கையும் மூங்கிலும் தாளும் கொண்டு செய்த அது விழாமல் மேலெழுந்து கூரையைத் தொட்டுப் படபடத்தது. பெனோ 1870 இல் செய்த இறப்பர் விளையாட்டுப் பொறியின் படியே அது. பிள்ளைகளுள் மூத்தவனுக்கு வயது 11, பெயர் வில்பர். இளையவனுக்கு வயது 7, பெயர் ஓர்வில். விளையாட்டுப் பொருள் சில நாட்களில் உடைந்தது. சிறுவர் தாமே புதியன செய்யத் தொடங்கினர். முதலிற் செய்தவை நன்றாகப் பறந்தன. இதைவிடப் பெரிதாகச் செய்தால் இதைவிட நன்றாகப் பறக்கும் என்று எண்ணிப் பெரிதாகச் செய்தார்கள். பெரிதாகச் செய்யச் செய்ய, பறப்பது குறைந்தது.

இந்தச் சிறுவரின் தோல்வியிலே ஒரு பெரிய விதி ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளின் நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் இருமடங்காக்கினால், இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். தாங்குவது நான்கு, தாங்கப்படுவது எட்டு. இருமடங்கு பெரிய பொறிக்கு எட்டு மடங்கு வலு வேண்டுமென்பதைத் தாம் அப்போது அறிந்திருக்கவில்லை என்று ரைட் சகோதரரே பிற்காலத்தில் எழுதினர். தும்பி பறக்கிறது, யானை பறக்கவில்லை என்பதற்கும் இதுவே கணக்கு.

இந்த விதியை அறிந்தும் இடறியவர் ஒருவர் உண்டு. சாமுவேல் லாங்லி பெரிய வானியல் அறிஞர். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர். 1887 ஆம் ஆண்டையொட்டி அவரும் இறப்பர் மாதிரிகளிலிருந்தே தொடங்கினார். முப்பதுக்கு மேற்பட்டவற்றைச் செய்தும் அவை சில செக்கன்களுக்கு மேற் பறக்கவில்லை. வலுவான இறப்பர் வைத்தால் கோல் வளைந்தது. கோலைத் தடிப்பாக்கினால் பாரம் கூடியது. பாரம் கூடியதும் இன்னும் வலுவான இறப்பர் வேண்டியிருந்தது. ஈற்றிலே இறப்பரைக் கைவிட்டு நீராவிக்குப் போனார். 1896 மே 6 ஆந் திகதி, பொட்டோமக் ஆற்றின்மேல் அவருடைய ஆளில்லா நீராவி விமானம் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் பறந்தது, ஒப்பற்ற சாதனைதான். பின்னர் அதே உருவை நான்கு மடங்கு பெருப்பித்து மனிதனை ஏற்றினார். 1903 இல் இரண்டு முறை ஏவப்பட்டு இரண்டு முறையும் ஆற்றில் விழுந்தது. இரண்டாவது முறை டிசெம்பர் 8 ஆந் திகதி. ஒன்பது நாட்களின் பின் கிற்றி ஹோக்.

அரசாங்கப் பணமும் பெரும் அறிவும் இருந்த லாங்லி தோற்க, துவிச்சக்கரவண்டி திருத்திய சகோதரர் வென்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாது விட்டால் பெனோவுக்கு அளவு மீறிய புகழ் சேர்த்தவனாவேன். ரைட் சகோதரர் தானாகச் சமநிலை பேணும் பொறியை நாடவில்லை. அவர்களுடைய விமானம் கையை எடுத்தாற் கவிழும் தன்மையது. துவிச்சக்கரவண்டியைப் போல ஓட்டுபவனின் கையே அதை நிறுத்தியது. முதலில் வேண்டியது ஆளும் வித்தை என்று அவர்கள் கொண்டது சரியே. ஆயினும் சில ஆண்டுகளுள் விமானங் கட்டுவோர் வாலைப் பின்னே கொண்டுசென்று, பெனோ வைத்த இடத்திலேயே வைத்தார்கள். பெனோ உருவத்தில் வைத்த அறிவும் ரைட் சகோதரர் கையில் வைத்த அறிவும் கூடிய பின்னரே, விமானம் சாதாரண மனிதர் ஓட்டக்கூடியதாயிற்று.

பெரிய விமானங்கள் வந்த பின்னர் சிறியவை மறைந்துவிடவில்லை. மாறாக, அவற்றின் நல்ல காலமே அப்போதுதான் பிறந்தது. முதலிலே சிறுவர் மூங்கில், பைன் வகை மரம், பட்டுத்துணி ஆகியவற்றாலேயே மாதிரிகளைச் செய்தனர். 1920 ஆம் ஆண்டுகளிலே அமெரிக்கச் சிறுவர் கையிலே பல்சா மரம் வந்து சேர்ந்தது. பல்சா தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலே செழித்து வளர்வது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் தெப்பம் என்பது பொருள். அந்நாட்டுக் கரையோர மக்கள் ஸ்பானியர் வருமுன்னரே அம்மரத்தைக் கட்டிப் பாய் விரித்துக் கடலோடினர். 1947 இல் நோர்வேக்காரராகிய தோர் ஹெயடாலும் தோழர் ஐவரும் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்த கொன்-ரிக்கி என்னும் தெப்பமும் பல்சாக் குற்றிகளாற் கட்டியதே. இம்மரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. நம் இலவ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் காயும் வெடித்துப் பஞ்சாய்ப் பறக்கும். இலவு காத்த கிளியைப் போலப் பல்லாண்டு காத்திருக்க வேண்டியதுமில்லை; ஆறேழு ஆண்டுகளில் வெட்டத்தக்க பருமனை அடைந்துவிடும். மேலும் வைத்திருந்தால் நடுவயிரம் நீர் கோத்துக் கெட்டுவிடும். பச்சை மரம் தண்ணீர் நிறைந்து பாரமாயிருக்கும். சூளையிலிட்டு உலர்த்தியபின் நெட்டி போல இலேசாகும். தேக்கு மரத்தின் எடையிலே ஐந்திலொரு பங்குதான் இருக்கும்.

இம்மரத்தின் வலிமையைப் போட்டிக் களம் விரைவிலேயே காட்டியது. மாதிரி விமானக்காரருக்கென்று வேக்பீல்ட் பிரபுவின் பெயரால் வழங்கும் சர்வதேசக் கிண்ணத்துக்கு 1928 முதல் போட்டி நடைபெற்றது. முதலிரு ஆண்டுகளும் ஆங்கிலேயரே வென்றனர். 1930 இல் ஜோசப் எர்ஹாட் என்னும் அமெரிக்கர் பல்சாவினாற் செய்த மாதிரியோடு இங்கிலாந்துக்கு வந்து கிண்ணத்தைக் கொண்டுபோனார். மறு ஆண்டும் அவரே வென்றார். அதன்பின் பல்சாவை மறுத்துப் பேசுவார் எவருமில்லை. இரண்டாம் உலக யுத்தத்திலே பிரித்தானியர் கட்டிய மொஸ்கீற்றோ என்னும் போர் விமானத்தின் உடலும், இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பல்சாவை வைத்து அழுத்திச் செய்யப்பட்டது. நம் இளைஞர் பலர் அறியாத செய்தி இது.

ஆயினும் பல்சா கிடைத்துவிட்டாற் போதும், விமானம் பறந்துவிடும் என்று எண்ணுவது தவறு. அனுபவமுள்ளவர் கடைக்குப் போனால் பலகையை அளவு பார்த்து வாங்குவதில்லை. கையில் ஏந்தி நிறை பார்த்தே வாங்குவர். ஒரே அளவான இரண்டு பல்சாத் துண்டுகளுள் ஒன்று மற்றதைவிட மும்மடங்கு, நான்கு மடங்கு பாரமாயிருத்தல் கூடும். உறுதியான துண்டை இறக்கையின் நெடுஞ்சட்டத்துக்கும் இறப்பரின் முறுக்கைத் தாங்கும் உடலுக்கும் வைத்துக்கொள்வர். மிகவும் இலேசானதை வாலுக்கு வைப்பர். வாலிலே கூடிய ஒரு கிராம், நெம்புகோலின் நீண்ட முனையில் தொங்கும் பாரம் போன்றது. அதைச் சமன்செய்ய மூக்கிலே இரண்டு மூன்று கிராம் சேர்க்க நேரும். ஆகவே வாலிற் செய்யும் சிக்கனம் இரட்டிப்புச் சிக்கனமாகும். பசையும் பாரம்தான். மூட்டுகளை ஒளி புகாமல் நெருக்கமாகப் பொருத்தினால் ஒரு துளி போதும். இடைவெளி விட்டவன் அதைப் பசையால் நிரப்பி, உலர்ந்த பசையைச் சுமந்து பறக்கப் பார்ப்பான். சட்டத்தின்மேல் மெல்லிய தாளை ஒட்டித் தண்ணீரைப் புகையாகத் தெளித்தால், உலரும்போது தாள் மேளத்தோல் போல விறைக்கும். ஆனால் அந்த இறுக்கமே மெலிந்த சட்டத்தை முறுக்கிவிடவும் கூடும். அதனால் உலரும்வரை பலகையோடு பொருத்தி வைத்திருப்பர். இறக்கை முறுகிய விமானத்தை எவ்வளவு திருத்தியும் நேரே செலுத்துதல் அரிது.

அதன்பின் பறக்கவிடும் வேலை. இதில் பொறுமையற்றவரே விமானத்தை உடைப்பர். புவியீர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தூரத்திலே இருக்கிறதா என்று முதலில் இரு விரல்களால் தாங்கிப் பார்ப்பர். பின்னர் இறப்பரை முறுக்காமல், காற்றில்லாத காலை வேளையிலே, புல் வளர்ந்த தரையின்மேல் மெல்ல எறிந்து பார்ப்பர். எறிதல் என்றால் கல்லெறிதல் அன்று, கையிலிருந்து வழுக்கிச் செல்ல விடுதல். மூக்கை நிமிர்த்தி நின்று பொத்தென்று விழுந்தால் இறக்கையைச் சற்றே பின்னே நகர்த்த வேண்டும். நேரே தரையை நோக்கிப் பாய்ந்தால் முன்னே நகர்த்த வேண்டும். வழுக்கிப் பறத்தல் சீரான பின்னரே இறப்பரை முறுக்குவர், அதுவும் முதலில் ஐம்பது சுற்று மாத்திரம். துயிலெரித் தோட்டத்திலே பறந்த பொறிக்கும் இதே ஒழுங்குதான் இருந்திருக்கும்; கோலின்மேல் இறக்கையின் இடத்தை ஓரிழை தவறவிட்டிருந்தால் அந்தப் பதினொரு செக்கன்கள் வரலாற்றுக்குக் கிடைத்திரா.

எம் பாடசாலையிலே பிள்ளைகள் சிலரும் விஞ்ஞான ஆசிரியரும் நானும் சேர்ந்து பிளானோபோரின் படியொன்றைச் செய்ய முயன்றோம். கலைப் பட்டதாரியாகிய எனக்கு அங்கே தராசு பார்க்கும் வேலைதான் தரப்பட்டது. பல்சா கிடைக்கவில்லை. கோலுக்கு மூங்கிற் சிம்பும், இறக்கைச் சட்டத்துக்குத் தென்னை ஈர்க்கும், மேலே பட்டம் ஒட்டும் தாளும் எடுத்துக்கொண்டோம். விசிறியை யோகட் கோப்பையிலிருந்து சரிவாக வெட்டியெடுத்தான் ஒரு மாணவன்; கோப்பையின் வளைவே விசிறிக்கு வேண்டிய முறுக்கைத் தருகிறது என்று விளக்கமும் சொன்னான். முதலாவது 34 கிராம். எறிந்தவுடன் விழுந்தது. விழுந்ததில் ஈர்க்கு முறிய, அதற்கொரு கட்டுப் போட்டார்கள். அதனால் 36 கிராமாயிற்று. இரண்டாவதைச் செய்யும்போது மூங்கிலைச் சீவிச் சீவிக் கோலின் நடுவை மாத்திரம் தடிப்பாக விட்டனர். 23 கிராம். அது மேலே எழுந்து, நின்று, வால் கீழாக வந்து விழுந்தது. இறக்கையை ஒரு விரற்கடை பின்னே தள்ளும்படி நான் சொல்ல வாயெடுக்குமுன் ஏழாந் தரத்துப் பெண்பிள்ளை ஒருத்தி தள்ளிவிட்டாள்.

மூன்றாவது 19 கிராம். பெனோவின் எடையை எங்களால் எட்ட முடியவில்லை. காலைக் கூட்டத்துக்கு மணியடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. மைதானத்துப் புல்லிலே பனி உலரவில்லை. கையை விட்டதும் அது ஒரு கணம் தாழ்ந்தது. பெனோவின் பொறி தாழ்ந்ததாகப் படித்ததைப் போலவே தாழ்ந்தது. பிறகு எழுந்து, இடப்பக்கமாக மெல்ல வளைந்து, தண்ணீர்க் குழாயடியைத் தாண்டி, வேலியோரத்துப் பூவரசமரத்துக்கு இப்பால் இறங்கியது. மணிக்கூட்டைப் பிடித்திருந்த மாணவன் ஏழு செக்கன் என்றான். உடனே எல்லோரும் ஓடிப்போய் அதை எடுத்து வந்து, வாலை இன்னும் எவ்வளவு சீவலாம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். அன்று மணி ஐந்து நிமிடம் பிந்தித்தான் அடித்தது.